மார்லிஸ் தூங்குகிறாள்

மார்லிஸ் சீஷ்லாக்கின் குரலைக் கேட்காத மாணவன் எங்கள் பல்கலைக்கழக ஊரான கார்வர் ஃபால்ஸில் கிடையாது. முகத்தைப் பார்த்தவனும் கிடையாது. போலீஸ் நிலையத்தின் பின்பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். எவன் வீட்டில் தீப்பிடித்தாலும், எவன் கார் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கினாலும், எவள் பூனை மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாலும் முதல் சேதி அவள் காதுக்குத்தான் போகும். அவள் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும்.

தொலைபேசியில் பேர் சொல்லக் கூடாது என்பது நிலையத்தின் விதி. அதனால் மாணவர்களே அவளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். 'இருபது மேடம்.'

அந்தப் பேர் வந்த கதை இதுதான். எங்கள் ஊரில் பார்ட்டி வைக்கிற மாணவர்கள் முன்கூட்டியே போலீஸிடம் போய், இன்ன வீடு, இன்ன நாள், கூப்பிட வேண்டியது இன்னாரை என்று பதிந்துவிட்டு வரலாம். பதிந்த வீட்டின்மேல் புகார் வந்தால் வண்டி உடனே வராது, போன் வரும். இருபது நிமிஷத்துக்குள் கூட்டத்தைக் கலைத்துச் சத்தத்தை அடக்கினால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் வண்டிதான். திருடப் போகிறவன் போலீஸில் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறதே என்று இந்த ஏற்பாடு வந்தபோது ஊரே சிரித்தது. ஆனால் ஊரில் பாதி வீடு மாணவர்களுக்கு வாடகைக்குப் போன பிறகு, இருக்கிற நாலு போலீஸ்காரர்களை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வது?

அந்த போனைப் போடுகிறவள் மார்லிஸ்.

"கண்ணு, உங்க பார்ட்டி ஜோரா நடக்குதாமே. தெருக்கோடி வரைக்கும் கேக்குதாம். இருபது நிமிஷம் தரேன். அதுக்கப்புறம் நான் பேச மாட்டேன், வண்டிதான் பேசும்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் மிரட்டல் இருக்காது. அதனாலேயே பையன்கள் பயந்தார்கள்.

அவளுக்கும் பிரையர் தெருவில் ஒரு வீடு இருந்தது. மாடி வைத்த பச்சை வீடு, முன்னால் மரப்பலகை வராந்தா. கல்யாணமான வருஷம் அவளும் நார்பும் அதை வாங்கினார்கள். நார்ப் காகித மில்லில் எலக்ட்ரீஷியன். உயரமானவன், அதிகம் பேச மாட்டான், கடையில் ஒரு திருப்புளியைப் பார்த்தால் மட்டும் அரைமணி நேரம் பேசுவான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்துவிட்டார்கள், இல்லை, பேசாமலே முடித்துவிட்டார்கள்.

மில் இருந்த காலத்தில் ஊருக்கே அதன் ஹாரன்தான் கடிகாரம். இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது என்று அர்த்தம். அடுப்படிகளில் உருளைக்கிழங்கு கொதிக்க ஆரம்பிக்கும், தெருவில் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடும். அப்படிப்பட்ட மில்லை ஒருநாள் மூடிவிட்டார்கள். கடைசி நாளன்று ஆளுக்கு ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் தொப்பி, ஒருவன் சுவர்ப் படம். நார்ப் இரண்டாம் இயந்திரக் கூடத்தின் ஹாரனைக் கழற்றி, தன் கோட்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். பெரிய பூசணிக்காய் அளவு இருக்கும். வாசலில் நின்ற காவலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

"என்ன இது?" என்றாள் மார்லிஸ்.

"காலிங் பெல்."

"நார்ப், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"பழைய பெல் அடிச்சா உள்ள கேக்கலைன்னு நீதானே சொன்னே?"

அதைச் சமையலறை அலமாரிக்கு மேலே மாட்டி, வாசல் பொத்தானோடு இணைத்தான். கரண்ட் போனாலும் மில் ஹாரன் நிற்கக் கூடாது என்பது அவன் படித்த பாடம், அதனால் இதற்கும் தனியாக ஒரு பேட்டரி வைத்தான். முதல்முறை அதை அமுக்கினவர் மாதா கோயில் பாதிரியார். பாவம், வராந்தாப் படியிலிருந்து கீழே விழப் பார்த்தார்.

பிறகு நார்புக்குப் பல்கலைக்கழக விடுதிகளில் பல்பு மாற்றுகிற, ஹீட்டர் பழுது பார்க்கிற வேலை கிடைத்தது. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவான். சாவி பையில் இருக்கும், கதவும் பூட்டியிருக்காது. இருந்தாலும் வாசலில் நின்று தன் வீட்டு பெல்லைத் தானே அமுக்குவான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. சமையலறையில் தட்டுகள் அதிரும்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு! நான் ஒண்ணும் செவிடு இல்ல!" என்று மார்லிஸ் உள்ளிருந்து கத்துவாள்.

அவன் காலணியைக் கழற்றிக்கொண்டே, "ஷிஃப்ட் முடிஞ்சுது, மார்ல்" என்பான். தினமும் இதே வார்த்தை.

அவள் அந்த ஹாரனை வெறுத்தாள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவள், தபால்காரன் பெல் அடித்தால் கட்டிலிலிருந்து எகிறி விழ வேண்டியிருந்தது. "ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஒருநாள் தலையணையோடு கீழே இறங்கி வந்துவிட்டாள். நார்ப் மறுநாள் நிலவறையில், வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் வைத்தான். மேலே தள்ளினால் ஹாரன் ஊதும், கீழே தள்ளினால் ஊதாது. வெள்ளைப் பெயின்ட்டில் மேலே 'மார்லிஸ் விழித்திருக்கிறாள்' என்றும் கீழே 'மார்லிஸ் தூங்குகிறாள்' என்றும் எழுதினான். காலையில் அவள் வேலையிலிருந்து வந்ததும் கீழே போய் அதைத் தள்ளிவிட்டு, பிறகு தன் வேலைக்குக் கிளம்புவான். அந்த மனுஷன் பெண்டாட்டிமேல் பிரியம் காட்டிய விதம் அது. அப்போது அவளுக்கு அது தெரியாமல் இல்லை, அதற்கு மேல் அதை நினைத்துப் பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான்.

ஒரு பிப்ரவரி மாதம் கார் பாதையில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது நார்ப் விழுந்தான். அன்றைக்கு மார்லிஸுக்குப் பகல் வேலை. எதிர்வீட்டுக்காரி போன் செய்தாள். விலாசம் சொன்னாள். மார்லிஸ் அந்த விலாசத்தைத் திருப்பிச் சொன்னாள், சரிதானா என்று கேட்டாள், ஆம்புலன்ஸை அனுப்பினாள், அவன் மூச்சு விடுகிறானா என்று கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பக்கத்து நாற்காலிக்காரியிடம் திரும்பி, "அது என் வீடு" என்றாள்.

நார்ப் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. ஸ்டைன்கி என்பவர் வாங்கினார். ஊரில் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகளில் பாதி அவருடையது. சாமான் ஏற்றுகிற அன்று நார்பின் தம்பி அலமாரிக்கு மேலே பார்த்து, "ஹாரனைக் கழட்டித் தரவா, மார்லிஸ்?" என்றான்.

"வேண்டாம். தொலையட்டும். அந்த இம்சையை வாங்கினவன் அனுபவிக்கட்டும்" என்றாள்.

சொன்னது அவள்தான். வேறு யார்மேலும் பழி போட முடியாது.

நெடுஞ்சாலைப் பக்கம், பல் டாக்டருக்கு மேல் மாடியில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே காலிங் பெல் 'கிணிங்' என்று அடிக்கும். முதல் மாதம் நன்றாகத் தூங்கினாள். பிறகு ஒரு சாயங்காலம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள், கத்தியை நிறுத்திவிட்டு எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருப்பதைத் தானே உணர்ந்தாள். எதற்கு என்று தெரிந்தபோது உருளைக்கிழங்கை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து பிடித்தது அந்த ஏக்கம். நார்பின் குரல்கூட அவளுக்கு மங்கிக்கொண்டே வந்தது. அந்தக் கண்றாவிச் சத்தம் மட்டும் மங்கவில்லை.

இருபது நிமிஷ ஏற்பாடு வந்த முதல் இலையுதிர் காலத்தில் பிரையர் தெருவிலிருந்து ஒரு புகார் வந்தது. மார்லிஸ் எண்ணைப் போட்டாள். எவனோ ஒரு பையன் எடுத்தான். பின்னால் டிவியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. இவள் "கண்ணு, உங்க பார்ட்டி" என்று ஆரம்பித்தாள். நம்ம பல்கலைக்கழக அணி கோல் போட்டது போலிருக்கிறது. வீட்டில் ஒரு பெரிய கூச்சல். யாரோ வாசலுக்கு ஓடினார்கள்.

ஹாரன் ஊதியது.

"ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் மார்லிஸ். "இருபது நிமிஷம்." கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள்.

ஐஸ் ஹாக்கி அரங்கில் கோல் போட்டால் ஊதுகிற ஹாரன் மாதிரி இருக்கிறது என்று அந்த வீட்டுப் பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் பழைய கும்பல் காலி செய்யும்போது புதுக் கும்பலுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிற்று. கோல் போட்டால் ஹாரன். பரீட்சை முடிந்தால் ஹாரன். எவனுக்காவது காதலி கிடைத்தால் ஹாரன், விட்டுப் போனாலும் ஹாரன். புகார் வராமல் என்ன செய்யும்?

போலீஸில் வேலை செய்துகொண்டு, புகார் வராதா என்று ஏங்கியவள் இந்த நாட்டிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மற்ற வீடுகளில் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைத்துவிடுவாள். பிரையர் தெரு வீடு என்றால் மட்டும் பேச்சை இழுப்பாள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், சாப்பிட ஏதாவது செய்தீர்களா, வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள் என்று அக்கறையாகக் கேட்பாள். அக்கறை பொய்யில்லை. ஆனால் காது வேறெங்கோ இருக்கும். சில சமயம் கிடைக்கும், பல சமயம் கிடைக்காது.

நேரில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படிப் போவாள்? போலீஸ் நிலையத்துக்காரி மாணவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க பெல்லை ஒரே ஒரு தடவை அமுக்கிக்கட்டுமா?" என்று கேட்பாளா? போலீஸ்காரரை வாசற்படி தாண்ட விடாதே என்பதுதான் மாணவர்கள் இந்த ஊருக்கு வந்ததும் கற்றுக்கொள்கிற முதல் பாடம். அதோடு, தொலையட்டும் என்று சொன்ன வாய் அவளுடையது. ரோஷம் தடுத்தது. கடைக்குப் போகக்கூட அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

போன இலையுதிர் காலத்தில் நகர சபை ஒரு புது விதி போட்டது. ஒரு கல்வி வருஷத்தில் மூன்று முறை போலீஸ் வண்டி வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டின் வாடகை உரிமம் ரத்து. குடியிருக்கிற மாணவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தப் பச்சை வீட்டு வாசலில் ஒருமுறை வண்டி நின்றது. பனி உருகுவதற்கு முன்னால் இன்னொருமுறை.

மாணவர் தெருக்களைப் பார்த்துக்கொள்கிற போலீஸ்காரர் டுவேன்தான் இதை மார்லிஸிடம் சொன்னார். டுவேன் நாற்பது வயதுக்காரர், எதைத் தின்றாலும் அவள் மேசைக்கு வந்து நின்றுதான் தின்பார். அன்றைக்கு அவர் கையில் பொரித்த சீஸ் இருந்தது.

"உங்க பழைய வீடு ரெண்டு ஆயிடுச்சு, மார்லிஸ். இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"மூணாவது ஆனா?"

"உரிமம் போனா வீட்டை வித்துடுவேன்னு ஸ்டைன்கி சொல்றாரு. மில்வாக்கி பட்டணத்துக் கம்பெனி ஒண்ணு அந்த வரிசையில ஏற்கெனவே ரெண்டு வீட்டை வாங்கிடுச்சு. எல்லாத்தையும் இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டப் போறாங்களாம், நீச்சல் குளத்தோட. விஸ்கான்சின்ல நீச்சல் குளம்! வருஷத்துல எத்தனை நாள் குளிப்பானுங்களோ." சீஸை வாயில் போட்டுக்கொண்டார். "விடுங்க, அந்த மாட்டுக் கத்தலாவது ஒழியும்."

"அது மாட்டுக் கத்தல் இல்ல. அது மில் ஹாரன்."

"எங்க அப்பாவும் மில்லுலதான் இருந்தாரு. அவரே மாட்டுக் கத்தல்னுதான் சொல்வாரு."

அன்றிலிருந்து மார்லிஸ் பிரையர் தெருவிலிருந்து எந்த அழைப்பும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். எது வர வேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தாளோ அதுவே வரக் கூடாது என்று.

ஏப்ரல் கடைசியில், பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை. பனி போய் முதல் வெயில் அடிக்கிற நாள் என்றால் எங்கள் ஊர் மாணவர்கள் ராத்திரி வரை பொறுக்க மாட்டார்கள். மத்தியானமே சோபாவைத் தூக்கி வராந்தாவில் போட்டு, சாசேஜ் சுட ஆரம்பித்துவிடுவார்கள். பிரையர் தெருப் பச்சை வீட்டின் பேரில் கியா லோர் என்ற பெண் ஒழுங்காகப் பதிந்துவிட்டுப் போயிருந்தாள்.

பகல் சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு கிளேட்டன் கூப்பிட்டார்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. பசங்க நல்ல பசங்கதான், எனக்குத் தெரியும். ஆனா நான் ஆஸ்பத்திரியில ராத்திரி நர்ஸ். இன்னிக்கும் போகணும். கொஞ்சம் கண்ணை மூடினா அந்த ஹாரன்..." அவர் கொட்டாவி விட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க."

மார்லிஸால் எப்படித் தப்பாக எடுக்க முடியும்? பகலில் தூங்குகிறவர்களின் கஷ்டம் அவளுக்குத் தெரியாதா? கியாவின் எண்ணைப் போட்டாள்.

"ஐயோ, இருபது மேடமா?" என்றாள் கியா. "சத்தியமா பாட்டைக் குறைச்சுதான் வச்சிருந்தோம், மேடம். பிரோடி லூசுதான் ஹாரனை அமுக்கிட்டே இருக்கான். இப்பவே எல்லாரையும் அனுப்பிடறேன். வண்டி மட்டும் அனுப்பிடாதீங்க. பரீட்சைக்கு நடுவுல நாங்க எங்க போவோம்?"

"உன்னை நம்பறேன், கண்ணு. இருபது நிமிஷம்."

கியா சொன்னபடியே செய்தாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. பிரோடி என்கிற அந்த மகானுபாவன் மட்டும், கடைசியாக ஒரே ஒரு தடவை என்று வாசலுக்குப் போய்ப் பொத்தானை முழங்கையால் இடித்தான். பொத்தான் உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

ஹாரன் ஊத ஆரம்பித்தது. நிற்கவில்லை.

மறுபடியும் கிளேட்டன். இந்தமுறை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பேசியதே கேட்கவில்லை, ஹாரன்தான் கேட்டது. உடனே வயர்லெஸ்ஸில் டுவேன் வந்தார். "மார்லிஸ், ஆத்தங்கரையில இருக்கேன், எனக்கே இங்க கேக்குது. பிரையர் தெருதானே? கிளம்பறேன்."

"இரு, டுவேன்."

"நேரம் முடிஞ்சுது. ரெண்டாவது தடவை புகார் வந்தா வண்டி போகணும். விதி."

"அந்த விதியை எழுதும்போது நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். இருன்னா இரு."

வண்டியை அனுப்புவதுதான் அவள் வேலை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வண்டியையும் நிறுத்தி வைத்ததில்லை. தன் வீட்டு வாசலில் நார்ப் கிடந்தபோதுகூட விதிப்படிதான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். இப்போது கை தானாகவே கியாவின் எண்ணைப் போட்டது.

"மேடம்! நிக்க மாட்டேங்குது!" கியா அழுதுகொண்டிருந்தாள். "மெயின் சுவிட்சையே அணைச்சுட்டோம். ஃபிரிஜ் நின்னுடுச்சு, பாட்டு நின்னுடுச்சு, எல்லாம் நின்னுடுச்சு, இந்தச் சனியன் மட்டும் கத்திட்டே இருக்கு!"

வேண்டும் வேண்டும் என்று ஏங்கியவளுக்கு இப்போது காது நிறையக் கிடைத்தது. விடாத ஒரே நெட்டை. அலமாரியில் தட்டுகள் அதிர்வதுகூடக் கேட்டது. கண்ணை மூடினால் அடுப்படி, ஜன்னல், உருளைக்கிழங்குச் சட்டி எல்லாம் வந்து நின்றன. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? மார்லிஸ் கண்ணைத் திறந்தாள்.

"கியா, நான் சொல்றதைக் கேளு. அது பேட்டரியில ஓடுது. நிலவறைக்குப் போ. கடைசிப் படி கொஞ்சம் உயரம், பார்த்து இறங்கு. வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால ஒரு சுவிட்ச் இருக்கும். பேர் எழுதியிருக்கும்."

படிகளில் தடதடவென்று ஓடுகிற சத்தம்.

"இருக்கு! இருக்கு, மேடம், ஆனா..." கியா தயங்கினாள். "இது மார்லிஸ் சுவிட்ச்."

"ஆமா."

"இதைத் தொடக் கூடாது, மேடம்."

"ஏன்?"

"முன்னாடி இருந்தவங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க. மார்லிஸ்னு ஒருத்தங்க இந்த வீட்டுல செத்துப் போயிட்டாங்களாம். இதைக் கீழ தள்ளினா அன்னிக்கே அவங்க திரும்பி வந்துடுவாங்களாம். நாங்க குடிவந்த அன்னிக்கு அவங்களுக்குன்னு ஒரு பீர்கூட இங்க வச்சோம். சிரிக்காதீங்க, மேடம்!"

மார்லிஸ் சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கிற தன்னை இத்தனை வருஷமாகப் பேயாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு அது உண்மை மாதிரிப் பட்டது. அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டு உள்ளே போக முடியாதவள் வேறு யார்?

"அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க, கண்ணு," என்றாள். "நல்லவங்கதான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அவ்வளவுதான். கீழ தள்ளு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தள்ளு, கியா."

டக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மார்லிஸின் காதில் அப்படி ஓர் அமைதி விழுந்தது. நார்ப் ஒவ்வொரு காலையும் அவளுக்காகக் கீழே இறங்கிப் போய்ப் போட்டுவைத்த அமைதி அது. அதில் அவள் எத்தனை பகல் தூங்கியிருக்கிறாள். ஒருநாளாவது அதற்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கிறாளா?

"மேடம்? நீங்க அழறீங்களா?"

"இல்ல. ஜலதோஷம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பொத்தானைக் கத்தி முனையால நெம்பி எடுக்கச் சொல்லு அந்த பிரோடியை. பக்கத்து வீட்டு கிளேட்டனுக்கு நாளைக்கு எதாவது சமைச்சுக் கொண்டுபோய்க் குடுங்க. அவர் பகல்ல தூங்கறவரு. தினமும் அவர் தூங்கற நேரத்துக்கு இந்த சுவிட்ச் கீழதான் இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. எப்ப மறுபடி மேல தள்ளலாம்?"

மார்லிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவர் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால எழுந்து வேலைக்குக் கிளம்பிடுவார். அவர் கார் போனதும் தள்ளு."

வயர்லெஸ்ஸில் டுவேன் காத்திருந்தார். "நின்னுடுச்சு, மார்லிஸ். எப்படி நின்னுச்சு?"

"தானா நின்னுடுச்சு. நீ வண்டியைத் திருப்பு."

"திங்கக்கிழமை லெப்டினன்ட் இந்த ரெக்கார்டிங்கைக் கேப்பாரு. உங்களுக்குத் தெரியும்ல?"

"கேக்கட்டும்," என்றாள் மார்லிஸ்.

வேலை முடிந்து காரை எடுத்தவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. இன்னும் வெளிச்சம் இருந்தது. பிரையர் தெருவுக்குள் கார் தானாகவே நுழைந்த மாதிரி நுழைந்தது. கிளேட்டனின் வாசலில் கார் இல்லை. பச்சை வீட்டின் பெயின்ட் உரிந்துபோயிருந்தது, வராந்தாவில் சோபா கிடந்தது, புல்தரையில் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பைகளை யாரோ பொறுக்கிக் குவித்து வைத்திருந்தார்கள். நார்ப் விழுந்த இடத்தில் எவனுடைய சைக்கிளோ சாய்ந்து நின்றது.

படியேறினாள். போலீஸ் சட்டையின்மேல் கோட்டைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டாள். என்ன சொல்லப் போகிறோம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பொத்தானைச் சுற்றிக் கத்தியால் நெம்பிய புதுக் கீறல்கள் இருந்தன. விரலை வைத்தாள்.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

இத்தனை வருஷத்தில் அவள் அதை உள்ளேயிருந்துதான் கேட்டிருக்கிறாள், வாசலில் நின்று கேட்டதில்லை. சத்தம் வருவதற்கு முன்னால் கதவுக் கண்ணாடி நடுங்குகிறது, காலடியில் பலகை லேசாக உதறுகிறது. பிறகு அது அடங்கிவிடுகிறது. அடங்கிய பிறகு, உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுக்கும்வரை, வாசலில் நிற்கிறவனுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. நார்ப் தினமும் இங்கேதான் நின்றான். பையில் சாவியை வைத்துக்கொண்டு, எதற்காக நின்றான் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. அவள் திட்டுவதைக் கேட்கத்தான் நின்றிருக்கிறான்.

சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் சலிப்போடு கத்தியது. "கேட்டுச்சு, கேட்டுச்சு! ஊருக்கே கேட்டுச்சு! டேய் பிரோடி, மறுபடியும் நீதானா?"

மார்லிஸ் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டாள். காலடிச் சத்தம் வந்தது, கதவு திறந்தது. கையில் ஈரத் துணியோடு ஒரு சின்னப் பெண் நின்றாள். முன்பின் பார்த்திராத வயதான பெண்மணியின் முகத்தையும், அதில் வழிகிற கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு வேணும்? நீங்க யாரு?"

மார்லிஸ் வாயைத் திறந்தாள். அவளுக்கு வந்தது ஒரே ஒரு வாக்கியம்.

"ஷிஃப்ட் முடிஞ்சுது, கண்ணு," என்றாள்.

அந்தக் குரல் யாருடையது என்று கியாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. பிறகு மெல்லத் திரும்பி, நிலவறைக் கதவு இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் மார்லிஸைப் பார்த்தாள். வழியை விட்டு ஒதுங்கி நின்று, கதவை நன்றாக விரியத் திறந்து பிடித்துக்கொண்டாள்.